பின்கதவுக்கு வந்த பார்சல்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்காகத்தான். கல்லூரியில் நான் நடத்தும் பாடத்துக்குத் தொழில்முனைவு என்று பெயர். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து அந்தப் பருவத்துக்குள் ஏதாவது ஒரு தொழிலை நிஜமாகவே தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். காகிதத்தில் கோட்டை கட்டுகிறவர்களுக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் வாங்கினால்தான் அது வியாபாரம், உங்கள் அம்மா வாங்கினால் அது பாசம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நேரே போய் அம்மாவிடம்தான் விற்பார்கள்.

போன வருஷம் ஒரு குழு முந்திரி விற்றது. கடலூர், விருத்தாசலம், பாண்டிச்சேரி என்று ஊரெல்லாம் வாடிக்கையாளர்கள். நான் ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டுப் பார்த்தேன். எல்லா ஊரிலும் ஒரே குரல், ஒரே இருமல். விசாரித்தால், காடாம்புலியூரில் இருக்கும் ஒரு பையனின் தாய்மாமா. "பாண்டிச்சேரியில் மழையா சார்?" என்று கேட்டேன். "மழ பெஞ்சிகினுதாங்க இருக்கு மேடம், பையனுக்கு மார்க்கு மட்டும் பாத்துப் போட்டுடுங்க" என்றார். அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் கணவர் ஜெயகணேஷ் சொல்வார். சொல்வார் என்பதுகூடப் பழைய கதை. ஒரு வருஷமாக அவர் என்னிடம் எதுவுமே சொல்வதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய மெஷினில் அவர் ஆபரேட்டர், பர்மனென்ட். கோவில்பட்டியிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய ஷிஃப்டுக்குத் தகுந்தாற்போல்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அடுக்களையிலிருந்து நான் எதைக் கேட்டாலும் பதில் வராது. போன் போட்டால் எடுக்க மாட்டார், 'என்ன' என்று ஒரு செய்தி மட்டும் வரும். டிவி பார்ப்பதையும் விட்டுவிட்டார். நான் பேச ஆரம்பித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதருக்குப் பெண்டாட்டி பேச்சு கசக்கிறதென்றால் வேறெங்கோ இனிக்கிறது என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவருடைய சட்டைப் பைகளைக்கூடத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் ஒரு கெட்டிக்காரத்தனமாகத்தான் எனக்குப் பட்டது.

இந்த வருஷ வகுப்பில் நிலவன் என்று ஒரு பையன். வளையமாதேவிப் பக்கம். அப்பா செங்குட்டுவன் எங்கள் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் தொழிலாளி. அவனும் மணிமொழி என்ற பெண்ணும் ஒரு குழு. எல்லோரும் மசாலாப்பொடி, சோப்பு என்று எழுதிக்கொண்டு வந்தபோது இவன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"மேடம், டவுன்ஷிப்புல பகல்ல பாதிப் பேரு தூங்கினு இருக்காங்க. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்தா, கூரியர்காரன் பெல் அடிச்சி எழுப்பிடறான். எழுந்து பாத்தா பக்கத்து வூட்டுக்கு வந்த மிக்ஸி ஜாரு. அந்த பார்சலெல்லாம் நாங்க வாங்கி வச்சிகினு, அவங்க எழுந்தப்புறம் கொண்டுபோய்க் குடுத்தா வேணான்னு சொல்வாங்களா?"

நல்ல யோசனைதான். அதனாலேயே சந்தேகம் வந்தது. எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி நானே விசாரித்தேன். மதியத் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்கள் கூரியர்காரர்களைத் திட்டிய திட்டைக் கேட்டபின் எனக்கு நம்பிக்கை வந்தது. எங்கள் பிளாக் சைக்கிள் ஷெட்டின் மூலையில் ஒரு மேசை போட்டுக்கொள்ளக் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். பசங்களுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தொழிலுக்கு 'தூங்கட்டும்' என்று பெயர் வைத்தார்கள். சேர்ந்த வீட்டுக்காரர்கள் அந்த வாரம் தங்களுக்கு எந்த ஷிஃப்ட் என்று சொல்லிவிடுவார்கள். பார்சல் மேசைக்கு வரும், ஆள் எழுந்ததும் வீட்டுக்குப் போகும்.

நான் அவர்களுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்பது உங்கள் வாயிலிருந்து வெளியே போனால் அன்றைக்கே கடையை மூடிவிடுங்கள், வாடிக்கையாளர் விஷயம் வாடிக்கையாளருக்குத்தான் சொந்தம். எங்கள் எதிர்வீட்டுப் பட்டம்மாள் அக்காவே மணிமொழியிடம் வாயைக் கிண்டிப் பார்த்துத் தோற்றுப் போனார். அவரிடம் தோற்காதவர்கள் எங்கள் பிளாக்கில் குறைவு. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் வேலையில், மனைவி நெல்லிக்குப்பத்தில் தங்கை வீட்டு விசேஷத்தில். அந்த வீட்டுக்காரர்கள் 'தூங்கட்டும்' திட்டத்தில் சேரவே இல்லை. திருடியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. 'யார் எப்ப வீட்ல இருப்பாங்கன்னு அந்தப் பசங்களுக்குத்தான் தெரியும்' என்று ஒருவர் போட்டார். 'அந்தப் பையன் எந்த ஊர்?' என்று இன்னொருவர். ஊரைச் சொன்னதும், 'சுரங்கத்துக்கு நிலம் போன கோவம் இருக்கும்ல' என்று மூன்றாமவர். மணிமொழியை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பதிலுக்குக் காரமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது பட்டம்மாள் அக்கா உள்ளே வந்தார்.

"தப்பா நெனச்சிக்காத தமயந்தி. திருட்டு நடந்த அன்னிக்கு மத்தியானம் அந்தப் பையன் பின்சந்து வழியா வந்து உங்க வூட்டுக் கொல்லக் கதவாண்ட நொழஞ்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன். கையில என்னமோ பொட்டலம் வச்சிகினு இருந்தான். ரொம்ப நேரம் வெளிய வரல."

"எங்க வீட்டுக்கா?"

"உங்க வூட்டுக்குத்தான். நீ காலேஜுக்குப் போயிட்ட. உங்க வூட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்துகினு இருப்பாரு. முன்வாசல் இருக்கறப்ப பின்னால எதுக்கு வரணும்? அந்தச் சந்துலதான திருட்டு நடந்த வூடும் இருக்குது?"

தட்டிய பதிலை அழித்துவிட்டேன். அக்கா போனதும் பீரோவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்று காலை நிலவன் என் வகுப்புக்கு வரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. பொறுப்பு நான் என்று போட்ட கையெழுத்தும் கூடவே நினைவுக்கு வந்தது.

மறுநாள் கல்லூரியில் இரண்டு பேரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தியா?"

"வந்தேன் மேடம்."

"எதுக்கு?"

நிலவன் மணிமொழியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "அது கஸ்டமர் விஷயங்க மேடம்" என்றான்.

"என் வீட்டுல எனக்குத் தெரியாம எவன்டா கஸ்டமர்?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே விடை தெரிந்துவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டு பேர், நான் வாடிக்கையாளர் இல்லை. எனக்குத் தெரியாமல் பார்சல் வருகிறது, நான் இல்லாத நேரம் பார்த்து வருகிறது, பின்கதவு வழியாக வருகிறது. என் கண் முன்னால் ஒரு புடவை விரிந்தது. யார் கட்டப்போகும் புடவை என்பதுதான் தெரியவில்லை.

"சொல்லித் தொலையேன்டா, உன்னைத் திருடன்னு சொல்லிகினு இருக்காங்க" என்றாள் மணிமொழி. அவள் கண் கலங்கியிருந்தது.

"சொன்னா அவருக்குக் கஷ்டம்" என்றான் நிலவன். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சாரைக் கேளுங்க மேடம். மூஞ்சியப் பாத்துக் கேளுங்க" என்றான்.

எவ்வளவு திமிர்! என் புருஷனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவன் எனக்குச் சொல்லித் தருகிறான். இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜெயகணேஷ் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசற்படியில் நின்றபடியே கேட்டேன்: "அந்தப் பையன் எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்தான்?" அவர் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை கேட்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்து அழுதேன். சங்கக் கூட்டத்தில் அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தேன். என் குடித்தனத்துக்கு உலை வைக்கிறவனுக்கு நான் எதற்கு ஜாமீன்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் கருப்பசாமி சார். சுரங்கத்தில் என் கணவரின் ஷிஃப்டுக்கு இன்சார்ஜும் அவர்தான். கத்துகிற ஆள் இல்லை, நியாயஸ்தர். நிலவனின் அப்பா செங்குட்டுவன் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். காக்கிச் சட்டையெல்லாம் கரித்தூள், கழுத்தில் கேட் பாஸ் தொங்கியது. உட்காரச் சொன்னபோது நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டார். மகன் அவர் பக்கத்தில் நின்றான்.

"நான் யாரையும் திருடன்னு சொல்லல தம்பி" என்றார் கருப்பசாமி சார். "அன்னைக்கு நீ பின்சந்துல போனதைப் பார்த்தவங்க இருக்காங்க. எதுக்குப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் இதோட முடிஞ்சது. சொல்லலேன்னா போலீஸ்ல உன் பேரைக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. பேர் போயிட்டா அப்பாவோட பாஸைப் புதுப்பிக்கறப்ப என்ன ஆகும்னு அவருக்கே தெரியும்."

செங்குட்டுவன் மகனின் கையைப் பிடித்தார். "சொல்லிடு கண்ணு. இந்த பாஸ் இல்லன்னா நம்ம வூட்டுல என்னாடா இருக்குது?"

நிலவன் தலை நிமிரவில்லை. "நான் எடுக்கலப்பா. அதுக்கு மேல சொல்ல முடியாது."

"அந்த ஊர்க்காரங்களுக்கு நம்ம மேல கோவம் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நிலம் போயிடுச்சுல்ல."

நிலவன் இப்போது நிமிர்ந்தான். "கோவப்படறதுக்கு எங்களுக்கு நெலமே கெடையாதுங்க சார். எங்க ஆயா காலத்துலேந்து அடுத்தவங்க நெலத்துலதான் கூலி. நெலம் இருந்தவங்களுக்குக் காசு வந்துது. எங்கப்பாவுக்கு அந்தக் கூலி வேல போச்சி, அவ்ளோதான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அவன் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் கணவரை. சுவர் ஓரத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். முகத்தில் லேசான ஒரு சிரிப்பு. தனக்காக ஒரு பையன் ஊர் முன்னால் கூனிக் குறுகி நிற்கிறான், இவர் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நிலவன் ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தான். இவர் தெரிந்த பையனைப் பார்த்ததுபோல் தலையை ஆட்டினார். எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

கருப்பசாமி சாருக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "என்ன ஜெயகணேஷ், உங்க வீட்டுப் பக்கம்தான் போனான்னு சொல்றாங்க. நீங்க அன்னைக்கு வீட்லதானே இருந்தீங்க? என்ன சொல்றீங்க?" என்றார்.

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் நிலவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தார். இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தன்னை எல்லோரும் பார்ப்பதைக் கண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, எதற்கென்று தெரியாமலே, பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவருக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை, ஒரு வருஷமாகவே கேட்கவில்லை. எடுக்காத போன், அணைந்துபோன டிவி, அடுக்களையிலிருந்து நான் கேட்டதற்கெல்லாம் வராத பதில், எல்லாம் இதுதான். புடவையும் இல்லை, புடவை கட்டுகிறவளும் இல்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அந்த இடத்தில், அந்தப் பையன் நிற்கிற நிலையில், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அதற்காக என்னை எவ்வளவு திட்டிக்கொண்டாலும் தகும்.

அடுத்து பயம் வந்தது. மேடையில் இருப்பவர் ஷிஃப்ட் இன்சார்ஜ். காது கேட்காத ஆபரேட்டரை எவரும் அந்த மெஷினில் ஏற்ற மாட்டார்கள். இத்தனை வருஷமாக அந்த மெஷின்தான் அவருடைய கௌரவம். நான் பேசாமல் இருந்தால் இந்த ரகசியம் எங்கேயும் போகாது. நிலவன் சொல்லப் போவதில்லை. கூட்டம் கலையும், நாங்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். இந்தக் கணக்கையும் என் மனசு போட்டுப் பார்க்கத்தான் செய்தது.

செங்குட்டுவன் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெஷினுக்குக் கீழே, வெட்டிய மண் ஓடும் பெல்ட் ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கிறவர்கள் அவரைப் போன்றவர்கள்தான். கீழேயிருந்து அவர்கள் கத்தினால் மேலே இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும்.

எழுந்து போனேன். என் கணவருக்கு முன்னால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"நிலவன் அன்னைக்கு நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்தான்னு கேக்காங்க. அவன் சொல்ல மாட்டேங்கான். சொல்லலைன்னா போலீஸ்ல கொடுத்துருவாங்க. அவங்கப்பாவுக்கு வேலை போயிரும்."

அவர் கண் என் உதட்டை விட்டு அசையவில்லை. நான் முடித்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. நிலவனைப் பார்த்தார், அவன் அப்பாவைப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. பிளாக்கில் திருட்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த முதல் செய்தியை மட்டும் பார்த்திருக்கிறார், கூட்டம் பூட்டு வாங்குவதைப் பற்றி என்று நினைத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எழுந்து நின்றார். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார், அவருக்கு அளவு தெரியவில்லை.

"எங்க வீட்டுக்குத்தான் வந்தான்! எனக்குக் காது கேக்காது! காது மெஷின் வச்சிருக்கேன்!" பேன்ட் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். "பெல் அடிச்சா கேக்காது, அதான் கொல்லைல உக்காந்திருப்பேன், பின்பக்கமா வரச் சொல்லியிருந்தேன். பேட்டரியெல்லாம் இவன்தான் கொண்டாந்து தருவான். அன்னைக்கு மெஷின் கடலூர்ல ரிப்பேர்ல கிடந்துச்சு. நான் ரெண்டு நாள் போகட்டும்னேன். இவன் கேக்கல. அது இல்லாம வேலைக்குப் போகாதீங்க சார், கீழ ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்லிட்டு, காலேஜுக்குப் போகாம பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தான். மாட்டிச் சரிபார்த்துட்டுத்தான் போனான். ஹெல்மெட்டுக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாது. வெளியில போட பயம். வீட்லகூடச் சொல்லல. அடுத்த மெடிக்கல் செக்கப்புக்குள்ள சரியாயிரும்னு நெனச்சேன்."

பட்டம்மாள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செங்குட்டுவன் பாஸை மறுபடி மாட்டிக்கொள்ள முயன்றார், கயிறு காதில் சிக்கிக்கொண்டது. மணிமொழி எட்டி எடுத்துவிட்டாள். நிலவன் முகத்தில் தப்பித்தோம் என்ற களை கொஞ்சமும் இல்லை. "நான் சொல்லலைங்க சார், நான் யார்கிட்டயும் சொல்லலை" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்துச் சொன்னது என் கணவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைத்தேன். அவர் அவன் கன்னத்தில் தட்டினார்.

"நீங்க போகலாம் செங்குட்டுவன். உங்களை இங்க வரவழைச்சதே தப்பு" என்றார் கருப்பசாமி சார். பிறகு மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் கணவரின் தோளில் கை வைத்து, அவரைப் பார்க்க மனமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு நைட்டு வராதீங்க ஜெயகணேஷ். இனிமே உங்களை மெஷின்ல ஏத்த முடியாது. காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க, நானும் கூட வர்றேன்."

குனிந்த தலையிலிருந்து வந்த வார்த்தைகள் என் கணவரைப் போய்ச் சேரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்குக் குரல் எழும்பவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.